அட்மின் கணக்கில் இருந்தும் அப்டேற்றுக்கு அனுமதி இல்லையா?

கேள்வி: பரந்தனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரைப்பிங், பரீட்சை விண்ணப்பம், அடையாள அட்டை அலுவல்கள் என்று நாள் முழுக்கக் கணினியில்தான் வேலை. டெஸ்க்டொப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது; பாதுகாப்பு அப்டேற் நீடிப்புத் திட்டத்தில் அதைச் சேர்த்துவிட்டேன். ஆனால் மூன்று மாதமாக அப்டேற் இறங்குகிறது, நிறுவும் நேரத்தில் 80070005 என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. நான் அட்மின் கணக்கில்தான் இருக்கிறேன். கணினி திருத்தும் தம்பி ஒருவர், "விண்டோஸ் போல்டருக்கு எவ்ரிவன் எண்டு போட்டு ஃபுல் கொன்ட்ரோல் குடுங்கோ அக்கா, சரிவரும்" என்கிறார். செய்யலாமா? மாமா ஜேர்மனியிலிருந்து அனுப்பிய லப்டொப்பில் விண்டோஸ் 11. அதில் "சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வருகிறது, அப்டேற் வருவதே இல்லை. என் தம்பியின் ரியூஷன் நிலையத்தில் உள்ள உபுண்டு (லினக்ஸ்) கணினியும் அனுமதி மறுப்பு என்கிறது. எங்களிடம் டொங்கிள் டேற்றாதான். கரண்டும் அடிக்கடி நின்று நின்று வரும்.

பதில்: முதலில் அந்தத் தம்பி சொன்னதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால், கீழே பழுதுபார்ப்பு நிறுவல் பற்றிச் சொல்லும் இடத்துக்கு நேரே போய்விடுங்கள். இடையில் உள்ள எதுவும் உங்களுக்கு உதவாது.

ஏன் கூடாது என்பதற்கு, அனுமதி கேட்பது யார் என்று தெரிய வேண்டும். நீங்கள் "நிறுவு" என்று அழுத்தினாலும் அந்த வேலையைச் செய்வது உங்கள் கணக்கு அல்ல. இறக்குவது, சரிபார்ப்பது எல்லாம் "சிஸ்டம்" என்ற உள்கணக்கின் பெயரில் நடக்கிறது. விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மாற்றுவது "ட்ரஸ்டட் இன்ஸ்ரோலர்" என்ற சேவை. அந்தக் கோப்புகளில் பெரும்பாலானவற்றின் உரிமையாளரும் அதுதான். அட்மினுக்கேகூட அவற்றை வாசிக்கத்தான் உரிமை, மாற்ற இல்லை. ஆகவே உங்களிடம் எவ்வளவு அதிகாரம் இருந்தாலும், இந்த இருவரில் ஒருவருக்குக் கதவு அடைபட்டிருந்தால் அப்டேற் நிற்கும். எவ்ரிவனுக்கு முழு உரிமை கொடுப்பதால் அந்தக் கதவு திறக்கும் என்றும் இல்லை. யாரோ அதே இடத்தில் "டினை" என்று மறுப்பு வரி ஒன்றைப் போட்டிருந்தால், பக்கத்தில் எத்தனை "அலவ்" வரி போட்டாலும் மறுப்புத்தான் வெல்லும். கிடைக்கும் பலன் ஒன்றுதான்: இனி பென்டிரைவில் வரும் எந்தச் சில்லறை வைரஸும் அட்மின் கடவுச்சொல் கேட்காமலே விண்டோஸ் கோப்பை மாற்றிவிட்டுப் போகலாம். ஊராரின் அடையாள அட்டை இலக்கமும் பிறப்புச் சான்றிதழ் படமும் கிடக்கும் கடைக் கணினியில் இது சின்ன விஷயம் அல்ல. விண்டோஸ் போல்டர் முழுவதன் உரிமைகளையும் ஒரே கட்டளையில் "ரீசெற்" செய்யச் சொல்லும் ஆலோசனையும் இதே வகைதான். அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி உரிமைப் பட்டியல் உண்டு. அழித்தால் கையால் பழையபடி எழுதிவைக்க வழி கிடையாது.

இலக்கத்தைச் சரியாக வாசித்துக்கொள்ளுங்கள். 80070005 இன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் சேதி: 5 என்றால் அணுக்கம் மறுக்கப்பட்டது. இதே முகத்தோடு வரும் உறவினர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு மருந்து வேறு. 80070020 என்றால் கோப்பை வேறொரு மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் அன்டிவைரஸ். 80070422 என்றால் அப்டேற் சேவையே முடக்கப்பட்டிருக்கிறது. 80070070 என்றால் வட்டில் இடமில்லை. 80072எஃப்8எஃப் வந்தால் கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டொப்பில் தாய்ப்பலகையின் சிஆர்2032 பற்றரி செத்துப்போனால், கரண்ட் நின்று வரும்போதெல்லாம் திகதி பின்னுக்குப் போகும், பாதுகாப்புச் சான்றுகள் செல்லாது என்று இணைப்பு மறுக்கப்படும்.

உங்கள் கணினியில் பிழை எந்தப் பக்கம் என்று அறிய ஒரு நல்ல சோதனை இருக்கிறது; டேற்றாவும் மிச்சம். அப்டேற் வரலாற்றில் தோற்றுப்போன அப்டேற்றின் பெயருக்குப் பக்கத்தில் கேபி என்று தொடங்கும் இலக்கம் இருக்கும். அதை எழுதிக்கொண்டு, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நல்ல இணைப்புள்ள ஒருவரிடம் கொடுத்து, மைக்ரோசொஃப்ட் அப்டேற் கற்றலொக் தளத்திலிருந்து அந்த இலக்கத்துக்குரிய கோப்பைப் பென்டிரைவில் இறக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 10, பதிப்பு 22எச்2, எக்ஸ்64 என்று மூன்றும் பொருந்த வேண்டும். கொண்டுவந்து முதலில் டெஸ்க்டொப்பில் பிரதி எடுத்து, பிறகு இரட்டைக் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேற் பக்கத்தைச் சாதாரண கணக்கிலும் இயக்கலாம், ஆனால் இந்தக் கோப்புக்கு அட்மின் தேவை. இப்படி நிறுவினால் சரிவருகிறது என்றால் பிழை இறக்கும் பக்கத்தில், அதாவது அப்டேற் தன் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் போல்டரில். இதிலும் அதே 80070005 வந்தால் பிழை விண்டோஸின் உள்ளே, நிறுவும் பக்கத்தில். பாதி வேலை இதோடு முடிந்தது.

இனிச் சந்தேக நபர்கள். நம் பக்கத்துக் கணினிகளில் முதலில் பிடிக்க வேண்டியவர் அப்டேற் தடுப்பான். டேற்றா போகிறதே என்று, கணினி வாங்கும்போதோ திருத்தும்போதோ "அப்டேற் வராமல் அடைச்சு விட்டிருக்கு" என்று கடைக்காரர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வெறும் சேவையை நிறுத்தினால் விண்டோஸ் அதைத் தானே எழுப்பிவிடும். அதனால் இந்தத் தடுப்பான்கள் விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ரி) அப்டேற் சேவைக்குரிய வரியிலிருந்து சிஸ்டம் கணக்கின் உரிமையையே பிடுங்கிவிடுகின்றன. சில, சேவை எந்தக் கணக்கில் ஓட வேண்டும் என்பதை மாற்றிவைக்கின்றன. களவு விண்டோஸைச் செயற்படுத்தும் கருவிகளோடு சேர்ந்து வருபவையும் உண்டு. பின்பு ஒருவர் பாதி அவிழ்த்துவிட்டால் கணினி உங்கள் நிலைக்கு வரும்: இறங்கும், நிறுவாது.

பார்ப்பது எப்படி? விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சேர்விசஸ் புள்ளி எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். (கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன், அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலத்தில்.) வரும் பட்டியலில் விண்டோஸ் அப்டேற், பக்கிரவுண்ட் இன்ரெலிஜென்ட் ட்ரான்ஸ்ஃபர், விண்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்ரோலர், கிரிப்ரோகிராஃபிக் சேர்விசஸ் என்ற நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். "லொக் ஒன்" என்ற தாவலில் முதல் மூன்றுக்கும் லோக்கல் சிஸ்டம் கணக்கு இருக்க வேண்டும், நான்காவதுக்கு நெற்வேர்க் சேர்விஸ். விருந்தினர் கணக்கோ வேறு பெயரோ இருந்தால் ஆள் அகப்பட்டார். விண்டோஸ் அப்டேற்றின் தொடக்க முறையை "மனுவல்" என்று மாற்றி "அப்ளை" கொடுக்கும்போதே அணுக்கம் மறுப்பு என்று சொன்னால் அதுவும் தடுப்பானின் கைவரிசைதான்.

பூட்டிய திறப்பாலேயே திறப்பது நல்லது. எந்தக் கருவியால் அடைத்தார்கள் என்று தெரிந்தால் அதே கருவியில் "மீண்டும் இயக்கு" என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, கணினியை மீள இயக்கி, பிறகு கருவியை நீக்குங்கள். தெரியாவிட்டால் ரெஜிஸ்ரி எடிற்றரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கொன்ட்ரோல் செற், சேர்விசஸ் என்று இறங்கி, டபிள்யூயூஏயூ-சேர்வ் (நடுக்கோடு இல்லாமல் ஒரே சொல்) என்ற வரியில் வலது கிளிக் செய்து "பெர்மிஷன்ஸ்" பாருங்கள். முதலில் அந்த வரியை "எக்ஸ்போற்" செய்து வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டத்துக்கு எதிராக "டினை" இருந்தால் அந்த வரியை மட்டும் நீக்குங்கள். அதே இடத்தை நல்ல நிலையில் உள்ள இன்னொரு விண்டோஸ் 10 கணினியில் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் எல்லா வழிகாட்டிகளையும் விட நம்பகமானது. பக்கத்துக் கடையில் ஒன்று இல்லாமலா போகும்?

அன்டிவைரஸ் இரண்டாவது சந்தேகம். காலாவதியான இலவசப் பிரதி ஒன்று மூலையில் கிடந்தால், அது உங்களைக் காப்பாற்றாமல் விண்டோஸை மட்டும் மறிக்கும். தற்காலிகமாக நிறுத்துவது போதாது, அதன் காவல் இயக்கி உள்ளேயே இருக்கும். முழுதாக நீக்கி, அந்த நிறுவனமே தரும் சுத்திகரிப்புக் கருவியையும் ஓடவிட்டு மீள இயக்குங்கள். விண்டோஸ் டிஃபென்டர் தானே பொறுப்பெடுக்கும். கடைக் கணினிக்கு அது தாராளம்.

இறக்கும் பக்கத்தில் பிழை என்று தெரிந்திருந்தால் அடுத்தது சேமிப்புப் போல்டரைப் புதிதாக உண்டாக்குவது. சேர்விசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேற்றையும் பக்கிரவுண்ட் ட்ரான்ஸ்ஃபரையும் நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் சொஃப்ட்வெயார் டிஸ்ரிபியூஷன் என்று ஒன்று இருக்கும். அழிக்காதீர்கள், பெயருக்குப் பின்னால் பழையது என்று தெரியும்படி ஒரு சொல் சேர்த்துப் பெயரை மாற்றுங்கள். மீள இயக்கியதும் விண்டோஸ் புதிதாக ஒன்றை, சரியான உரிமைகளோடு, தானே கட்டும். பெயர் மாற்ற விடாமல் வரும் செய்தியையும் கவனித்து வாசியுங்கள். "வேறொரு நிரலில் திறந்திருக்கிறது" என்றால் சேவை இன்னும் நிற்கவில்லை. "சிஸ்டத்திடம் அனுமதி பெற வேண்டும்" என்ற மாதிரி வந்தால் அந்தப் போல்டரின் உரிமைப் பட்டியலே கெட்டிருக்கிறது. வலது கிளிக், ப்ரொப்பர்ட்டீஸ், செக்கியூரிற்றி, அட்வான்ஸ்ட் என்று போய், சிஸ்டத்துக்கும் அட்மினிஸ்ரேற்றர்ஸ் குழுவுக்கும் முழு உரிமை இருக்கிறதா, "டினை" வரி ஏதும் உண்டா என்று பாருங்கள். இந்த ஒரு போல்டரில் திருத்தலாம். மேலே உள்ள விண்டோஸ் போல்டரில் கை வைக்க வேண்டாம்.

சிஸ்டம்32க்குள் கற்றூற்2 என்று இன்னொன்று உண்டு, அதற்கும் இதே வைத்தியம் சொல்வார்கள். அதை மாற்ற கிரிப்ரோகிராஃபிக் சேவையை நிறுத்த வேண்டும், ஆனால் அது நிறுத்திய கையோடு மறுபடி எழும்பிவிடும். விண்டோஸ் அத்தியாவசியச் சேவைகளோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோட்டில் செய்தால் மல்லுக்கட்டத் தேவையில்லை. இரண்டு என்ற இலக்கம் இல்லாத கற்றூற் என்ற போல்டரும் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தொட்டால் புதிய வில்லங்கம். சொஃப்ட்வெயார் டிஸ்ரிபியூஷனின் பெயரை மாற்றிய பிறகு அப்டேற் வரலாறு வெறுமையாகத் தெரியும். பயப்படாதீர்கள், பட்டியல்தான் போனது, நிறுவிய அப்டேற்றுகள் இருக்கின்றன. பாதியில் இறங்கியிருந்தவையும் போய்விடும் என்பதால் டேற்றா போட்டபின் இதைச் செய்யுங்கள்.

நிறுவும் பக்கத்தில் பிழை என்றால் கரண்டைச் சந்தேகிக்க வேண்டும். மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு கரண்ட் போய்ப் போய் வரும் நேரம் அப்டேற் ஓடிக்கொண்டிருந்தால், வட்டின் உள்கணக்கு குழம்பிவிடும். கோப்புகளின் உரிமைப் பட்டியல்கள் கோப்புக்குள் இல்லை, வட்டில் ஒரு பொதுப் பேரேட்டில் இருக்கின்றன. அந்தப் பேரேட்டில் ஒரு பக்கம் கிழிந்தால், யாரும் எதையும் மாற்றாமலே அணுக்கம் மறுப்பு வரும். இதைத் திருத்துவது செக் டிஸ்க். வாடிக்கையாளர் கோப்புகளை முதலில் வெளிவட்டில் பிரதி எடுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல, வட்டு சாகும் நிலையில் இருந்தால் இந்தப் பரிசோதனையே அதைப் படுக்கவைக்கும். பிறகு கொமாண்ட் ப்ரொம்ப்ற்றை அட்மினாகத் திறந்து, சி-எச்-கே-டி-எஸ்-கே, இடைவெளி, சி முக்காற்புள்ளி, இடைவெளி, சாய்கோடு எஃப் என்று கொடுங்கள். இப்போது முடியாது, அடுத்த தொடக்கத்தில் செய்யவா என்று கேட்கும். வை அழுத்தி மீள இயக்குங்கள். பழைய சுழல்வட்டு என்றால் நீண்ட நேரம் எடுக்கும், இடையில் நிறுத்தாதீர்கள்.

அடுத்து விண்டோஸின் சொந்தக் கோப்புகள். அதே கறுப்புத் திரையில் முதலில் டி-ஐ-எஸ்-எம், இடைவெளி, சாய்கோடு ஒன்லைன், இடைவெளி, சாய்கோடு கிளீனப்-இமேஜ், இடைவெளி, சாய்கோடு ரெஸ்ரோர்ஹெல்த். கிளீனப்புக்கும் இமேஜுக்கும் நடுவே சிறு கோடு உண்டு, கடைசிச் சொல் சேர்த்து எழுதுவது. இடையில் வீதம் அசையாமல் நெடுநேரம் நிற்கும். தொங்கிவிட்டது என்று மூடிவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. இது நல்ல பிரதிகளை இணையத்திலிருந்து எடுக்கும், ஆகவே டொங்கிள் இணைந்திருக்க வேண்டும். அது முடிந்த பிறகே எஸ்-எஃப்-சி, இடைவெளி, சாய்கோடு ஸ்கேன்நவ். வரிசையை மாற்றினால், இரண்டாவது கட்டளை பழுதான களஞ்சியத்திலிருந்தே பழுதான கோப்பை எடுத்துப் போடப் பார்க்கும்.

இவ்வளவுக்கும் அசையவில்லையா? அப்போது ஊகிப்பதை விட்டுவிட்டு, எந்தக் கதவு என்று பெயரோடு கேட்கலாம். விண்டோஸ் போல்டரில் லொக்ஸ், அதற்குள் சிபிஎஸ், அதற்குள் சிபிஎஸ் என்ற பதிவுக் கோப்பு. டெஸ்க்டொப்புக்குப் பிரதி எடுத்து நோட்பாட்டில் திறந்து, 80070005 என்று கீழிருந்து மேலாகத் தேடுங்கள். அந்த வரிக்குச் சற்று மேலே ஒரு கோப்பின் பாதையோ பதிவேட்டு வரியோ பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் மைக்ரோசொஃப்ட்டின் ப்ரொசெஸ் மொனிற்றர் என்ற இலவசக் கருவி சில எம்பிதான், நிறுவத் தேவையில்லை. அட்மினாகத் திறந்து, வடிகட்டியில் "ரிசல்ற்" என்பது "அக்செஸ் டினைட்" என்று போட்டு, அப்டேற்றை மறுபடி முயலுங்கள். சாதாரண நேரத்திலும் இப்படியான வரிகள் வரும், எல்லாவற்றையும் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். அப்டேற் தோற்ற அந்தக் கணத்தில், ரிஐ-வேர்க்கர் அல்லது ட்ரஸ்டட் இன்ஸ்ரோலர் என்ற பெயரில் வந்த வரிதான் நமக்கு வேண்டியது. அந்த வரியின் பாதை நிரலில் இருப்பதே உங்கள் அடைபட்ட கதவு. அதை மட்டும் நல்ல கணினியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். உரிமையாளரை மாற்ற நேர்ந்தால் முடிவில் பழையவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். பெயர் கேட்கும் பெட்டியில் என்டி, இடைவெளி, சேர்விஸ், பின்சாய்கோடு, ட்ரஸ்டட்இன்ஸ்ரோலர் (சேர்த்து) என்று முழுதாக அடித்தால்தான் ஏற்கும். வெறுமனே ட்ரஸ்டட் இன்ஸ்ரோலர் என்று தேடினால் அப்படி யாரும் இல்லை என்று சொல்லும்.

ஒன்றிரண்டு இடமென்றால் இப்படித் திருத்தலாம். பத்து, இருபது என்று நீண்டுகொண்டே போனால், அல்லது அந்த எவ்ரிவன் வேலை நடந்துவிட்டிருந்தால், பழுதுபார்ப்பு நிறுவலுக்குப் போங்கள். விண்டோஸ் 10 இன் 22எச்2 ஐஎஸ்ஓ கோப்பை (முழு நிறுவல் வட்டின் பிரதி, பல ஜிபி, இதையும் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளலாம்) விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரட்டைக் கிளிக்கால் திறந்து, உள்ளே இருக்கும் செற்றப்பை இயக்குங்கள். கோப்புகளையும் மென்பொருட்களையும் வைத்திரு என்ற தெரிவு வரும்வரை பார்த்துத்தான் முன்னே போக வேண்டும். அது மங்கலாக இருந்தால் மொழியோ பதிப்போ பொருந்தவில்லை, அங்கேயே நிறுத்துங்கள். சி டிரைவில் 20 ஜிபிக்கு மேல் வெறுமையாக இருக்கட்டும். பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி நிறுவினால் இந்தத் தெரிவு கிடைக்காது, எல்லாம் போய்விடும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கடையில் உள்ள சாதாரண 650 விஏ யூபிஎஸ் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும், ஒரு நிறுவல் முழுவதற்கும் தாங்காது. மின்வெட்டு அறிவித்த நாளிலும் வானம் இருட்டிய பின்னேரத்திலும் தொடங்காதீர்கள்.

விண்டோஸ் 10 பற்றி ஒரு வார்த்தை: அதன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. உங்களைப்போல் நீடிப்பில் சேர்ந்தவர்களுக்கே அப்டேற் வருகிறது. சேராதவர் எவ்வளவு உரிமை திருத்தினாலும் வருவதற்கு எதுவும் இல்லை.

மாமாவின் லப்டொப் வேறு கதை. அங்கே எதுவும் பழுதில்லை. அது ஏதோ ஒரு நிறுவனத்தின் வேலைக் கணினியாக இருந்திருக்க வேண்டும். அப்டேற்றை எங்கள் சேவையகத்திலிருந்துதான் எடு என்று அவர்கள் எழுதிவைத்த கட்டளை இன்னும் உள்ளே இருக்கிறது. பரந்தனில் இருந்துகொண்டு ஜேர்மனியில் ஓர் அலுவலகத்தின் உள்வலையைத் தேடிக்கொண்டிருக்கிறது, பாவம். செற்றிங்ஸில் அக்கவுண்ட்ஸ், பிறகு "வேலை அல்லது பாடசாலை அணுக்கம்" என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் கணக்கு ஒன்று நின்றால் உடனே துண்டிக்காதீர்கள். முதலில் உங்களுக்கென்று ஓர் உள்ளூர் அட்மின் கணக்கை உண்டாக்கி, கடவுச்சொல்லோடு ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். இதைச் செய்யாமல் துண்டித்தால் மறுநாள் லப்டொப்புக்குள் நுழைய ஆளே இருக்காது. வட்டு, விண்டோஸின் வட்டுப் பூட்டான பிற்லொக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புத் திறப்பையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நேரான வழி, மாமாவிடம் ஒரு கேள்வி கேட்பது: நிறுவனம் இதைத் தன் பட்டியலிலிருந்து நீக்கித்தான் கொடுத்ததா? நீக்கியிருந்தால் விண்டோஸ் 11ஐச் சுத்தமாகப் புதிதாகப் போட்டுவிடுங்கள், கட்டளைகளைத் தேடித் தேடி அழிப்பதைவிட அது விரைவு. நீக்காவிட்டால் எத்தனை தரம் புதிதாகப் போட்டாலும், இணையத்தோடு இணைந்ததும் அந்த நிறுவனத்தின் உள்நுழைவுத் திரையே வந்து நிற்கும். அதை உங்கள் ஊரில் யாராலும் திருத்த முடியாது. மாமா அங்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பினால்தான் தீரும். பிற்காலத்தில் இந்த லப்டொப்புக்கும் கற்றலொக்கிலிருந்து அப்டேற் எடுப்பதானால், 24எச்2 பதிப்புக்கு இரண்டு கோப்புகள் காட்டும்: அந்த மாதத்துக்குரியதும், 2024 செப்ரெம்பரின் கேபி 5043080 உம். இரண்டையும் ஒரே போல்டரில் வைத்து மாதத்துக்குரியதை இயக்குங்கள்.

ரியூஷன் நிலையத்து உபுண்டுவில், பிழைச் செய்தியின் அடைப்புக்குள் உள்ள சிறிய இலக்கத்தைத் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி 13 என்று வந்தால், கட்டளைக்கு முன்னால் சூடோ (அட்மின் உரிமையோடு ஓடவைக்கும் சொல்) போட மறந்திருக்கிறார். சூடோ போட்டும், நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை என்று வந்தால், கணினியை முதலில் நிறுவியவரின் கணக்கால் நுழைய வேண்டும். 11 என்று வந்தால் அனுமதிப் பிரச்சினையே இல்லை: பின்னணியில் தானியங்கி அப்டேற் ஓடிக்கொண்டிருக்கிறது, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்க்கலாம். இணையத்தில் சொல்வதுபோல் பூட்டுக் கோப்பை அழித்தால், ஓடிக்கொண்டிருப்பதும் புதிதாகத் தொடங்குவதும் ஒரே பேரேட்டில் எழுதிக் குழப்பிவிடும். கரண்ட் நின்று பாதியில் அறுந்திருந்தால் சூடோ, இடைவெளி, டி-பிகேஜி, இடைவெளி, இரட்டைக் கோடு கொன்ஃபிகர், இடைவெளி, ஒற்றைக் கோடு ஏ என்று கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து முடித்துவைக்கும். 30 என்று வந்தால் வட்டில் பிழை கண்டு, மேலும் கெடாமல் இருக்க லினக்ஸ் தன்னைத்தானே வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டிக்கொண்டிருக்கிறது. மீட்பு முறையில் தொடங்கி, லினக்ஸின் செக் டிஸ்க்கான எஃப்-எஸ்-சி-கே ஓட்ட வேண்டும். அங்கேயும் யாராவது, எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 போடு என்று சொல்லுவார்கள்; அது எவ்ரிவனின் உடன்பிறப்பு.

திருத்தியது நிலைக்கிறதா என்று பார்க்க நாள் இருக்கிறது. மாதாந்தப் பாதுகாப்பு அப்டேற் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளிவரும். அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை பத்து மணி என்பதால் நமக்கு அன்றிரவு பத்தரை, அங்கே குளிர்கால நேரம் என்றால் பதினொன்றரை. அதற்கு முன் விண்டோஸ் சாவியையும் ஆரையும் அழுத்தி வின்வேர் என்று அடித்து வரும் பெட்டியில் உள்ள பில்ட் இலக்கத்தை ஒரு தாளில் எழுதி மொனிற்றரில் ஒட்டுங்கள். புதன்கிழமை கடை பூட்டும் நேரம் அப்டேற்றை ஓடவிட்டு, வியாழன் காலை அதே பெட்டியைத் திறந்து பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம் கூடியிருந்தால் சரி. கூடாமல் பழைய 80070005 தான் நின்றால், சிபிஎஸ் பதிவில் அந்த இலக்கத்துக்கு மேலும் கீழுமாக இருபது வரிகளை அப்படியே எடுத்து அனுப்புங்கள்.